கோட்டிலேயே நின்றுவிட்ட குரல்

கரட்டுப்புதூர் ஓடுதளத்தில் ரங்கபிரசாத்தின் கார் புறப்பட்டுப் போனபோது காரோடு அவர் உடம்பு போயிற்று, கஞ்சி போட்ட சட்டை போயிற்று, கைக்கடிகாரம் போயிற்று, முந்தின நாள்தான் கறுப்படித்த மீசையும் போயிற்று, குரல் மட்டும் போகவில்லை. சுண்ணாம்பால் போட்டிருந்த கோட்டுக்கு மேலே, ஓட்டுகிறவன் இருக்கையில் உட்கார்ந்தால் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், அது அப்படியே நின்றுவிட்டது. நின்றது சும்மாவும் நிற்கவில்லை, பேசிக்கொண்டே நின்றது.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, அந்தக் காரின் கம்ப்யூட்டருக்குள் எண்களை மாற்றிக் கொடுத்த ஜெசிந்தா. இன்னொருத்தி, வெள்ளைக்காரன் யுத்தத்துக்குப் போட்டு விட்டுவிட்டுப் போன அந்த ஓடுதளத்தின் வெடிப்புகளில் முளைக்கும் புல்லுக்காகப் பதினொரு ஆடுகளை ஓட்டிவந்த மாராத்தாள்.

ஜெசிந்தாவின் பட்டறை போத்தனூரில் இருந்தது. மற்றவர்கள் ஸ்பேனரால் செய்கிற காரியத்தை அவள் லேப்டாப்பால் செய்தாள். வேகம் வேண்டுமென்று தன்னிடம் வருகிறவர்களைப் பதினான்கு வருஷமாகப் பார்த்துப் பார்த்து அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்: இவர்களில் யாருக்கும் எங்கேயும் சீக்கிரம் போய்ச்சேர வேண்டிய வேலை கிடையாது, சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் தலைமேல் கையை வைக்காத குறையாக ஆசீர்வதித்து அனுப்பிவிட்டு, ஷட்டரை இறக்கிய பிறகு தனியாகச் சிரித்துக்கொள்வாள். அவளுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் அந்தச் சிரிப்பு.

ரங்கபிரசாத் அவிநாசி ரோட்டில் பம்புசெட் ஃபேக்டரி வைத்திருந்தார், அதாவது அவருடைய அப்பா வைத்ததை வைத்திருந்தார். சிவப்பு நிறத்தில் வெளிநாட்டுக் கார் ஒன்று வாங்கி, கியரைக் கையால் போடுகிற வண்டிதான் ஆண்பிள்ளைக்கு அழகு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஆனால் அந்த வண்டியை நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளப்ப அவர் இடது காலுக்கு வரவில்லை. கிளட்சை மெதுவாக விட்டால் இன்ஜின் அணைந்தது, வேகமாக விட்டால் டயர் புகைந்தது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. டயரைத் திட்டினார், பெட்ரோலைத் திட்டினார், தார்ரோட்டைத் திட்டினார், கடைசியில் ஜெசிந்தாவிடம் வந்து, நின்ற வண்டியைக் கம்ப்யூட்டர் துணையோடு சீறிக் கிளப்புகிற லாஞ்ச் கன்ட்ரோல் வேண்டுமென்றார்.

"சார், வண்டி நிக்கணும். கிளட்சை முழுசா மிதிச்சு முதல் கியர் போடுங்க. அப்புறம் வலது காலை அடி வரைக்கும் அழுத்துங்க. இன்ஜின் கத்தும், படபடன்னு வெடிக்கும், பயப்படாதீங்க. சுற்று ஒரு அளவுக்கு மேல போகாம நான் பிடிச்சு வெச்சிருப்பேன்" என்றாள்.

"நீ எங்கம்மா பிடிக்கறது? கம்ப்யூட்டர் பிடிக்குது."

"ஆமாங்க சார். கிளட்சை விடறது மட்டும் உங்க வேலை. அதைக் கம்ப்யூட்டர் செய்யாது."

"எனக்கே பாடமா?" என்றார் அவர்.

கிளட்ச் மிதியின் அடியில் அவள் ஒரு சுவிட்ச் வைத்திருந்தாள். கால் தரைவரை அழுத்தினால்தான் அது தொடும், தொட்டால்தான் கம்ப்யூட்டர் இன்ஜினின் தீப்பொறிகளை ஒன்று விட்டு ஒன்று வெட்டிச் சுற்றைப் பிடித்து வைக்கும், சக்கரம் உருண்டதும் பிடியை விட்டுவிடும். அன்று காலை முதலில் நிமிஷத்துக்கு மூவாயிரத்து எண்ணூறு சுற்றில் வைத்துப் பார்த்தாள், வண்டி மூச்சுத் திணறிப் புறப்பட்டது. நாலாயிரத்து அறுநூறில் வைத்தாள், ஓடுதளம் முழுக்க ரப்பர் புகை. நாலாயிரத்து இருநூறுக்கு இறக்கி, பின் டயர்களில் காற்றையும் கொஞ்சம் இறக்கினாள். மூன்று தடவைக்கு மேல் தொடர்ந்து செய்தால் கிளட்ச் கருகிவிடும், கால் மணி நேரம் ஆறட்டும் என்று சொன்னாள். அந்தக் கால் மணி நேரமும், ஃபேக்டரியில் டீ குடிக்கப் போய்த் தாமதமாக வந்தவனைத் திட்டுகிற மாதிரி அவர் கிளட்சைத் திட்டினார், பிறகு அவளைத் திட்டினார், நாலாவது தடவைக்காக உள்ளே உட்கார்ந்து இரண்டு கால்களையும் அழுத்தி இன்ஜின் வெடித்துக்கொண்டிருக்கும்போதும் கண்ணாடியை இறக்கி விட்டுத் திட்டினார்.

"உன்னைய மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் நான்..." என்றபோது அவருடைய இடது கால், வாழ்க்கையில் முதல்முறையாக, சரியாகத் தூக்கியது.

கார் போய்விட்டது.

"...நான் சோறு போடலைன்னா என்னடி பண்ணுவீங்க?" என்று கோட்டின் மேல் நின்றிருந்த குரல் வாக்கியத்தை முடித்தது.

லேப்டாப்பில், வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எடுத்த நேரம் எண்ணாக வந்து நின்றது. ஜெசிந்தா அதைப் பார்த்தாள், மூடியைச் சாத்தினாள். ஓடுதளத்தின் அந்தக் கோடியில் ரங்கபிரசாத் காரைவிட்டு இறங்கி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார், தரையில் எடுத்துப் போட்ட மீன் மாதிரி இருந்தது.

மாராத்தாள் அவரைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். "அம்மிணி, அவரு அங்க நிக்கறாரு, பேச்சு இங்க நிக்குதுங்" என்றாள்.

"ஆமாங்க."

"வெயில் ஏறப்போகுது. வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்."

அவர் வரவில்லை. அந்தக் கோடியில் இருந்த உடைந்த கேட்டு வழியாகவே நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் வெகு சுத்தமாக இருக்கிறது, குடிவராத புதுவீடு மாதிரி இருக்கிறது என்றார். ஜெசிந்தா தன் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் குரல் கத்திக்கொண்டிருக்க, ஒரு வார்த்தையும் பேசாமல் போத்தனூருக்குத் திரும்பினாள். லேப்டாப்பில் வந்த எண்ணை அவர் கேட்டால் சொல்லலாம் என்று இருந்தாள். அவர் கேட்கவில்லை, கேட்க வாயும் இல்லை, அவளாகச் சொல்லவும் இல்லை.

கரட்டுப்புதூர் அந்தக் குரலைப் பழகிக்கொண்டது. முதல் வாரம் ஆடுகள் மிரண்டு ஓடின, இரண்டாவது வாரம் குரலுக்குக் கீழே படுத்து அசைபோட்டன. பஞ்சாயத்துக் கூட்டத்தில் அதை 'அவர்' என்பதா 'அது' என்பதா என்று ஒரு முழு மாலை விவாதித்து, உடம்பு இல்லாததற்கு மரியாதை எதற்கு என்று 'அது' என்றே தீர்மானம் போட்டார்கள், ஆனாலும் எதிரே போனால் எல்லோருக்கும் 'ங்க' தானாக வந்தது. யாரும் இடித்துக்கொள்ளக் கூடாதென்று சுற்றி முள்வேலி கட்டினார்கள். மழையில் நனைந்தால் கம்மிவிடுமோ என்று தலைவர் நாலு தகரம் போட்டுக் கூரை அமைத்தார். அதைச் சோளக்காட்டுக்கு நகர்த்திக் கொண்டுபோனால் கிளி விரட்ட ஆகுமே என்று ஒருவர் கோணிப்பையோடு வந்து பார்த்தார், ஆகவில்லை.

ஆடி பிறந்ததும் ஃபேக்டரியில் கடைசல் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு கிழவர் வேடிக்கை பார்க்க வந்தார். செருப்புச் சத்தம் கேட்டதும் குரல், "எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்றது. கிழவர் பழக்கத்தில் கைகட்டிக் குனிந்துவிட்டார். குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றவருக்கு எதிரே ஒன்றுமில்லை என்பது மெதுவாக விளங்கியது, இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார், நிமிர்ந்து, "ஒண்ணுக்குப் போனேன். இப்ப என்னங்கறே?" என்றார். பத்தொன்பது வருஷமாக வயிற்றில் இருந்த பதில் அது. அன்று வீட்டுக்குப் போய் மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டாராம்.

அடுத்த ஞாயிறு ஏழு பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு ஒரு பஸ், ஆவணியில் மூன்று பஸ். பஞ்சாயத்து டோக்கன் கொடுத்தது, தலைக்கு ஐந்து நிமிஷம். ரங்கபிரசாத்தை ஜென்மத்தில் பார்த்திராதவர்களும் வந்தார்கள், நூல்மில்லில் இருந்து வந்தார்கள், பேங்கில் இருந்து வந்தார்கள், தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட வாத்தியார்கள் வந்தார்கள், மாமியாருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல மருமகள்கள் வந்தார்கள். அதட்டுகிற குரல்களுக்குள் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, எதற்குப் பதில் சொன்னாலும் எல்லாவற்றுக்கும் சொன்ன மாதிரிதான் என்று கண்டுபிடித்துக்கொண்டார்கள். பதில் சொல்லத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஒரு ஆள் ஆலமரத்தடியில் நாற்காலி போட்டான். குரலும் சளைக்கவில்லை. ஒவ்வொருவரையும் நாயே பேயே என்றது, திருப்பி வாங்கிக்கொண்டது, மறுபடி கொடுத்தது, ஆனால் யாரையும் வேலையைவிட்டு நீக்க அதற்குக் கையெழுத்து இல்லை.

ஜெசிந்தா ஒரே ஒரு தடவை வந்து தூரத்தில் நின்று பார்த்தாள். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, காலியான காற்றின் முன் வீரம் காட்டக் காத்திருந்த அந்த வரிசையைப் பார்த்து அவள் உதட்டைச் சுழித்தாள். ஆள் இருந்தபோது வாய் திறக்காத கூட்டம், ஆள் போனதும் டோக்கன் வாங்கி நிற்கிறது. தான் அதனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்பதில் அவளுக்கு ரொம்பப் பெருமை. அவர் எதிரே இருந்தபோதும் தான் எதிர்த்துப் பேசியதில்லை என்பது அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

புரட்டாசிக் கடைசியில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. தன் கட்சிக்காரரின் குரலை ஐப்பசி முடிவதற்குள் திருப்பி ஒப்படைக்காவிட்டால் பட்டறையை இழுத்து மூட வழக்குப் போடப்படும் என்றது. பதினான்கு வருஷத்துப் பட்டறை. அவள் ரேஸ்கோர்ஸ் பக்கம் இருந்த அவர் வீட்டுக்குப் போனாள்.

ரங்கபிரசாத் சோபாவில் நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். இப்போது எதுவானாலும் எழுதித்தான் காட்ட வேண்டியிருந்தது. வசவு என்பது சுடச்சுட வெளியே வர வேண்டிய பண்டம், ஒற்றுப் போட்டு, கொம்பு போட்டு எழுதி முடிப்பதற்குள் ஆறிவிடுகிறது, அதனால் பாதி வசவை அவரே அடித்துவிட்டு 'தண்ணீர்' என்று மட்டும் எழுதினார். ஃபேக்டரியில் நாலு மாதமாக ஒரு பம்பும் பழுதென்று திரும்பி வரவில்லை. அவர் ஜெசிந்தாவுக்கு எழுதிக் காட்டினார்: 'எப்போது?'

"லாஞ்ச் கன்ட்ரோலை ரிவர்ஸ் கியர்ல வைக்கலாம்னு இருக்கேன் சார். குரலை எந்தக் கிளட்சுல விட்டீங்களோ அதே கிளட்சுல பின்னால வந்து எடுக்கணும். பத்து நாள் ஆகும்."

வாசல்வரை வழியனுப்ப வந்தது அவர் மனைவி தாரிணி. இந்த நாலு மாதத்தில் அவள் முகத்தில் சதை பிடித்திருந்தது.

"நிதானமாவே பண்ணுங்க" என்றாள் தாரிணி. "அவசரம் ஒண்ணும் இல்லை."

ஜெசிந்தா பத்து நாளும் வேலை செய்தாள். பின்னோக்கிப் போவதற்காக யாரும் லாஞ்ச் கன்ட்ரோல் வைத்ததில்லை. ரிவர்ஸ் கியருக்கு இழுப்பு அதிகம் என்பதால் சுற்றை மூவாயிரத்துக்கு இறக்கினாள், கோட்டின் மேல் வந்ததும் தானாக அடங்க வேண்டும் என்பதற்காக அறுபதடிக்குள் பிடி விழும்படி வைத்தாள். அவ்வளவு சிரத்தையாக அவள் எந்த வண்டிக்கும் செய்ததில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்று நினைக்கும்போதெல்லாம் வாயில் கசப்பு வந்தது, விழுங்கிக்கொண்டு செய்தாள்.

ஐப்பசி மூன்றாவது ஞாயிறு காலை, டோக்கன் வரிசை முள்வேலியைச் சுற்றி நின்றிருக்க, சிவப்புக் கார் வந்து கோட்டுக்கு அறுபதடி தள்ளி நின்றது. ரங்கபிரசாத் இறங்கினார். வரிசையில் இருந்த ஃபேக்டரி ஆட்கள், அவர் ஊமை என்று தெரிந்தும், உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அப்போது குரல் ஒரு பேங்க் கிளார்க்கோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தது. ரங்கபிரசாத் தலையைச் சாய்த்துக் கேட்டார். நோட்டை எடுத்தார்.

'இது யார்?'

"நீங்கதாங்க சார்."

'நான் இப்படிப் பேசமாட்டேன்.'

"இப்படித்தாங்க பேசுவீங்க."

'எப்போதுமா?'

"அன்னைக்கு நல்ல மூடுல இருந்தீங்க" என்றாள் ஜெசிந்தா.

அவர் நடந்து கோட்டருகே போனார். ஷூ சத்தம் கேட்டுக் குரல் கிளார்க்கை விட்டுவிட்டுத் திரும்பியது. "யார்ரா அது? வர்றவன் வணக்கம் சொல்ல மாட்டியா?"

அவர் வாயைத் திறந்தார்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா? கேக்கறேன்ல, பதில் சொல்லுடா."

அந்த நாலு மாதத்தில் அந்த முள்வேலியருகே வந்தவர்கள் எத்தனையோ பேர், அத்தனை பேரும் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள், கீச்சுக்குரலில் சொன்னார்கள், அழுதுகொண்டு சொன்னார்கள், எழுதி வைத்துப் படித்தார்கள். பதில் சொல்ல முடியாமல் நின்ற ஒரே ஆள் ரங்கபிரசாத். குரல் அவர் பரம்பரையை இழுத்தது, அது தன் பரம்பரைதான் என்று அதற்குத் தெரியவில்லை. அவர் கைகள் தாமாக முன்னால் வந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. தலை தாழ்ந்தது. வலது தோள் கொஞ்சம் கீழே இறங்கியது. வரிசையில் அறுபத்திரண்டாம் எண் டோக்கனோடு நின்றிருந்த ஸ்டோர் கீப்பர் திருமூர்த்தி, அந்தத் தோள் இறக்கம் தன்னுடையது என்று அடையாளம் கண்டு, தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ரங்கபிரசாத் பின்னால் நகர்ந்து வந்தார். நோட்டில் எழுதினார்: 'இது என் குரல் இல்லை. எனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.' கீழே தேதி போட்டு, பழக்கதோஷத்தில் முழுக் கையெழுத்தும் போட்டு, கிழித்து ஜெசிந்தாவிடம் கொடுத்தார். பிறகு காரில் ஏறினார். முதல் தடவை இன்ஜின் அணைந்தது. இரண்டாவது தடவை, டிரைவிங் ஸ்கூல் வண்டி மாதிரி குலுங்கிக் குலுங்கி, முதல் கியரிலேயே கேட்டு வரைக்கும் போனார்.

அந்தத் தாளோடு வழக்குப் பேச்சு முடிந்தது, பட்டறை பிழைத்தது. மதியம் சாப்பாட்டுக்கு வரிசை கலைந்தபோது ஜெசிந்தா கோட்டோரம் வைத்திருந்த தன் பொருட்களை எடுக்கப் போனாள். பத்து நாள் உழைப்பு வீண். சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, சந்தோஷம் வரவில்லை. தகர நிழலில் மாராத்தாள் மட்டும் ஆடுகளோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏய்" என்றது குரல். ஆட்கள் இல்லாதபோது அது கொஞ்சம் தணிந்து பேசும் போலிருக்கிறது. "டைம் என்ன?"

"ஆளில்லாத நேரமெல்லாம் இதேதாங் கேக்கும்" என்றாள் மாராத்தாள். "பன்னெண்டரை ஆச்சுங்கன்னு நானும் சொல்லுவேன். சொன்னா அதுக்கும் ஒரு ஏச்சு."

ஜெசிந்தா கையில் இருந்த ஒயரைக் கீழே வைத்தாள். அது கேட்பது கடிகாரத்து மணியை இல்லை. நாலு மாதமாக அது அங்கே எதற்காக நின்றுகொண்டிருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது, புரிந்ததும் அவளுக்கு வந்தது இரக்கம் இல்லை, அப்படி ஒரு அருவருப்பு. இதற்குத்தானா? பேசாமல் போயிருக்கலாம். இந்தத் தடவை பேசினாள்.

"நாலு புள்ளி ஒண்ணு."

"என்ன?"

"சைபர்ல இருந்து நூறு வரைக்கும் நாலு புள்ளி ஒண்ணு செகண்டு. இந்த ஓடுதளத்தில இதுவரைக்கும் யாரும் அவ்வளவு சீக்கிரம் போனதில்லைங்க சார். நீங்கதான் முதல்."

"ம்" என்றது குரல். விருந்தில் வயிறு நிறைந்து இலையை மடிக்கிறவர் போடுகிற 'ம்' அது. அதற்குப் பிறகு அது பேசவில்லை. ஆடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வெயிலுக்குப் போயின. மாராத்தாள் வேலிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, "போயிருச்சுங்" என்றாள்.

அடுத்த ஞாயிறும் மூன்று பஸ் வந்தது. காலி இடத்தின் முன் நின்று கத்திப் பார்த்தார்கள். திட்டு வராமல் பதில் வருவதில்லை என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. நல்ல நல்ல பதில்களெல்லாம் தொண்டையில் மாட்டிக்கொண்டு நின்றன. எழுதிக் கொடுக்கிற ஆள் நாற்காலியை மடித்துக்கொண்டு போனான். நாலு தகரத்துக்குக் கீழே பைக் நிறுத்தினார்கள். போத்தனூர்க்காரி ஏதோ சொல்லி அதை அனுப்பிவிட்டாள் என்று பேச்சானது. நாலு மாதம் தினம் வசவு வாங்கிய ஊர், அதை நிறுத்தியவளை மன்னிக்கவில்லை. கடைவீதியில் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவள் அவர்களைப் பார்த்த அதே பார்வையால் அவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

கார்த்திகை முதல் வாரத்தில் திருமூர்த்தி அவள் பட்டறைக்கு வந்தார். சட்டைப் பையில் டோக்கன் இருந்தது. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. இருபத்தாறு வருஷம் அந்த ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர், எங்கேயும் உட்காரச் சொன்னால் நின்றுகொண்டிருப்பதுதான் பழக்கம்.

"அடுத்த நம்பர் என்னுதுங்க அம்மிணி. சாப்பிட்டுட்டு வந்து பேசலாம்னு இருந்தேன்."

"தெரியாம போச்சுங்க" என்றாள் ஜெசிந்தா.

"அதுகிட்ட என்ன சொன்னீங்க?"

"டைம் சொன்னேன். வண்டி எவ்வளவு வேகமா கிளம்புச்சுன்னு."

"அப்புறம்?"

"இதுக்கு முன்னால யாரும் இவ்வளவு வேகமா போகலை, நீங்கதான் முதல்னு சொன்னேன்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதாங்க."

திருமூர்த்தி சட்டைப் பையிலிருந்து டோக்கனை எடுத்து அவள் மேசைமேல் வைத்தார். பிறகு, சத்தமே உயராமல், கணக்குக் கேட்ட அதிகாரிக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்:

"நீங்கதான் முதல்னு நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொல்லியிருப்பேனுங்க. அவரு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."